புகை குறைந்ததா, இடம் மாறியதா? சேலம் மாவட்டத்தின் கார்பன் கணக்கு

மேட்டூர் மால்கோ ஆலை 2008 இறுதியில் அலுமினியம் உருக்குவதை நிறுத்தியது. 1965இல் உற்பத்தி தொடங்கிய ஆலை அது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் மலையிறங்கி மேட்டூருக்கு வரும். அங்கே அலுமினாவாகி, மின்பகுப்புத் தொட்டிகளில் உலோகமாகும். தொட்டிகள் நின்றதும் பலருக்கு வேலை போனது. மாவட்டத்தின் கரியமில வாயு வெளியீடும் ஒரு படி இறங்கியிருக்கும். இந்த ஆய்வு அந்த இறக்கத்தைப் பற்றியது. அந்தக் கார்பன் நிஜமாகவே குறைந்ததா, இல்லை வேறு ஊருக்குப் போய்விட்டதா?

பொருளாதாரம் வளர்ந்தால் ஆற்றல் செலவு கூடுகிறது, ஆற்றல் செலவு கூடினால் புகை கூடுகிறது. இந்தத் தொடர்பு எவ்வளவு இறுக்கமானது, எங்கே அறுக்கலாம் என்று நாடு நாடாகப் புள்ளிவிவரம் போட்டுப் பார்த்த ஆய்வுகள் ஏராளம். நாட்டுக் கணக்கில் எல்லாம் சராசரிக்குள் கரைந்துவிடுகிறது. சேலத்தில் அப்படி இல்லை. நிலக்கரி மின்நிலையம், அணை மின்சாரம், ஊதுலை இரும்பு, மின் உலை எஃகு, வெள்ளைக்கல் சூளை, விசைத்தறி, ஜவ்வரிசி ஆலை எல்லாமே ஒரே மாவட்டத்துக்குள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கார்பன் வேறு விதமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பிரித்துப் பார்ப்பதற்காகத்தான் சேலத்தை எடுத்துக்கொண்டேன்.

மால்கோவின் மூன்று காலங்கள்

ஒரு டன் அலுமினியம் உருக்க 14,000 முதல் 15,000 யூனிட் மின்சாரம் வேண்டும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவழிக்கும் ஒரு வீட்டுக்கு அது பன்னிரண்டு ஆண்டு மின்சாரம். அதனால்தான் அலுமினிய ஆலைகள் மலிவான மின்சாரம் கிடைக்கும் இடத்தைத் தேடிப் போகின்றன. மேட்டூரில் அணை 1934இல் முடிந்தது; 1937இல் அணை மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அறுபதுகளில் சென்னை மாநிலத்து மின்சாரத்தில் பெரும்பகுதி பைக்காரா, மேட்டூர், குந்தா போன்ற நீர்மின் நிலையங்களிலிருந்து வந்தது. ஆகவே மால்கோவின் முதல் காலத்து அலுமினியத்தில், மின்சாரம் வழியாக ஏறிய கார்பன் குறைவு. அன்றைக்கு யாரும் அதை அளக்கவில்லை, அளக்கத் தேவையும் இருக்கவில்லை.

தொழில்கள் பெருகப் பெருக ஆற்று நீர் தரும் மின்சாரம் போதவில்லை. மாநிலம் நிலக்கரிக்குப் போனது. மால்கோவும் தொண்ணூறுகளில் ஸ்டெர்லைட் கைக்கு மாறிய பிறகு தனக்கென்று நிலக்கரி மின்நிலையம் கட்டிக்கொண்டது. இது இரண்டாவது காலம். நிலக்கரி மின்சாரம் யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு விடுகிறது. அப்படியானால் ஒரு டன் அலுமினியத்தின் முதுகில் மின்சாரத்தால் மட்டும் 14, 15 டன். அதே ஊர், அதே மலையின் கல், அதே உலோகம். பொருளின் கார்பன் மட்டும் பல மடங்கு ஏறிவிட்டது.

மூன்றாவது காலம் மூடிய பிறகு. உலோகத் தொட்டிகள் நின்றன, மின்நிலையம் தொடர்ந்து ஓடி வெளியே மின்சாரம் விற்றது. நாட்டில் அலுமினியப் பாத்திரமும் ஜன்னல் சட்டமும் மின்கம்பியும் வாங்குவது நிற்கவில்லை, கூடத்தான் செய்தது. அந்த உலோகம் ஒடிசாவின் ஜார்சுகுடா போன்ற இடங்களில், நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் எழுந்த பெரிய ஆலைகளிலிருந்து வந்தது. சேலத்தின் ஏட்டில் கழித்த டன், வேறொரு மாவட்டத்தின் ஏட்டில் கூட்டப்பட்டது. ஏற்காட்டு மலையில் பாக்சைட் வெட்டு நின்றது மலைக்கும் அங்கே குடியிருப்பவர்களுக்கும் நல்லது, அதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் அதைக் கார்பன் குறைப்பு என்று எழுதினால் அது தவறான கணக்கு.

பணக்கார நாடுகளிலும் இதே நடக்கிறது. பிரிட்டனின் வெளியீடு 1990இல் இருந்ததில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அதே காலத்தில் பொருளாதாரம் நன்றாக வளர்ந்திருக்கிறது. வளர்ச்சியும் கார்பனும் பிரிய முடியும் என்பதற்கு இதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது: நிலக்கரி மின்சாரத்தைப் படிப்படியாக விட்டு, கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2024 செப்டம்பர் 30இல் மூடினார்கள். அது உண்மையான குறைப்பு. அதே நாளில் வேல்ஸின் போர்ட் டால்போட் எஃகு ஆலையில் கடைசி ஊதுலையும் அணைந்தது. மின் உலை தயாராகும்வரை எஃகுப் பாளங்கள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. ஒரே நாளில் மூடிய இரண்டில் ஒன்று குறைந்த புகை, மற்றது கொஞ்ச காலத்துக்காவது இடம் மாறிய புகை. பிரிட்டன் மக்கள் வாங்கும் பொருட்களின் கார்பனையும் சேர்த்துப் பார்த்தால் அந்த இறக்கம் அவ்வளவு செங்குத்தாக இல்லை.

காயாவின் பெருக்கல்

ஜப்பானிய ஆற்றல் பொருளியலாளர் யோய்ச்சி காயா ஒரு எளிய பெருக்கலைத் தந்தார். மொத்தக் கார்பன் என்பது நான்கின் பெருக்கல்: மக்கள்தொகை, ஆளுக்கு எவ்வளவு வருமானம், ஒரு ரூபாய் வருமானத்துக்கு எவ்வளவு ஆற்றல், ஒரு அலகு ஆற்றலுக்கு எவ்வளவு கார்பன். முதல் இரண்டையும் குறைக்கச் சொல்லி இந்தியாவில் யாரும் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. இந்தியர் ஒருவரின் ஆண்டு வெளியீடு 2 டன் அளவில் இருக்கிறது. அமெரிக்கர் ஒருவருடையது 14 டன் அளவில். மிச்சம் இருப்பது பின்னிரண்டு.

இந்தியா அந்தப் பின்னிரண்டில் நன்றாகவே செய்திருக்கிறது. ஒரு ரூபாய் உற்பத்திக்கான வெளியீடு, அதாவது கார்பன் தீவிரம், 2005க்கும் 2020க்கும் இடையே 36 சதவீதம் குறைந்ததாக ஐ.நா.வுக்கு அரசு அறிக்கை தந்தது. 2030க்குள் 45 சதவீதம் என்பது இலக்கு. ஆனால் இந்த எண்ணை ஆண்டுக் கணக்குக்குக் கொண்டுவந்து பாருங்கள். பதினைந்து ஆண்டில் 36 சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 சதவீதம். பொருளாதாரம் 7 சதவீதம் வளர்ந்தால், 3 போக 4 சதவீதம் வீதம் மொத்த வெளியீடு ஏறிக்கொண்டே இருக்கும். 7 சதவீத வளர்ச்சியிலும் மொத்தம் ஏறாமல் நிற்க வேண்டுமானால், ரூபாய்க்கான கார்பன் ஆண்டுதோறும் ஆறரை சதவீதம் இறங்க வேண்டும். இப்போது இறங்குவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். "தீவிரம் குறைந்தது" என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் இதை நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது. தீவிரம் குறைந்துகொண்டே மொத்தம் கூடலாம். இந்தியாவில் நடப்பது அதுதான்.

வருமானம் கூடக்கூட முதலில் மாசு ஏறி, ஒரு கட்டத்துக்குப் பிறகு தானாக இறங்கும் என்று ஒரு கருத்து உண்டு. குஸ்நெட்ஸ் வளைவு என்பார்கள். கிராஸ்மேன், க்ரூகர் என்ற பொருளியலாளர்கள் இருவரும் 1991இல் காற்று மாசை வைத்து இதை முன்வைத்தார்கள். சாலையில் தெரியும் கரும்புகைக்கும் கந்தகத்துக்கும் அது பெருமளவு பொருந்துகிறது: பணம் வந்ததும் மக்கள் சுத்தமான காற்றைக் கேட்கிறார்கள், வடிகட்டி வருகிறது. கரியமில வாயு கண்ணுக்குத் தெரியாது, மூக்கில் ஏறாது, பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுக்க மாட்டார். அதற்கு அந்த வளைவை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

மேட்டூரின் இரண்டு மின்சாரம்

மேட்டூரில் ஆற்று மின்சாரமும் நிலக்கரி மின்சாரமும் ஒரே ஊரில் உற்பத்தியாகின்றன. அணை மின்நிலையம் 50 மெகாவாட், சுரங்கப்பாதை மின்நிலையம் 200 மெகாவாட். அதற்குக் கீழே காவிரியில் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள், ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட். நீர்மின்சாரம் என்றதும் நினைத்தபோது சுவிட்ச் போடலாம் என்று தோன்றும். மேட்டூரில் அப்படி முடியாது. டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் திறந்தால்தான் சுழலிகள் முழுமையாக ஓடும். வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. அணையில் தண்ணீர் இல்லாத ஆண்டுகளில் அந்த நாள் தள்ளிப்போகும், மின்சாரமும் தள்ளிப்போகும். நெல்லுக்காகத் திறக்கும் தண்ணீரின் உபரிப் பலன்தான் அந்த மின்சாரம்.

அதனால் இந்தப் பக்கத்துத் தொழிலை ஆண்டு முழுக்கத் தாங்கியது அனல்மின் நிலையம். 1987க்கும் 1990க்கும் இடையே நான்கு 210 மெகாவாட் அலகுகள் வந்தன. 2013இல் 600 மெகாவாட் புதிய அலகு ஒன்று சேர்ந்தது. நிலக்கரி ஒடிசாவில் வெட்டப்பட்டு, பாரதீப்பில் கப்பல் ஏறி, நம் கரையில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் மேட்டூருக்கு வருகிறது. எரிப்பதற்கு முன்பே அது அவ்வளவு பயணம் செய்கிறது.

அந்த 600 மெகாவாட் அலகு முழுத் திறனில் ஒரு மணி நேரம் ஓடினால் 6 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு ஒரு கிலோ என்று வைத்தால் 600 டன் கரியமில வாயு. வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்கு 20 கிலோ அளவில் உறிஞ்சும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் தோராயக் கணக்கு. அந்த ஒரு மணி நேரத்துப் புகைக்கு 30,000 மரங்கள் ஓராண்டு முழுக்க வேலை செய்ய வேண்டும். சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கும், அதற்கு மேலே இருக்கும் சோலைத் துண்டுகளும் விலைமதிப்பில்லாதவை. மண்ணைப் பிடிக்கின்றன, ஓடைகளைக் காக்கின்றன, அவற்றை வெட்டவே கூடாது. ஆனால் மரம் நட்டு மேட்டூர்ப் புகையை ஈடுகட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் இந்த 30,000த்தைக் காட்டுங்கள்.

மின்வெட்டு சொன்ன பாடம்

வளர்ச்சியால் ஆற்றல் செலவு கூடுகிறதா, ஆற்றல் கிடைப்பதால் வளர்ச்சி வருகிறதா? 1978இல் ஜான் க்ராஃப்ட், ஆர்தர் க்ராஃப்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கப் புள்ளிவிவரத்தை வைத்து, வருமானம்தான் ஆற்றலை இழுக்கிறது என்றார்கள். அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான ஆய்வுகள், நாட்டுக்கு ஒரு விடை, காலத்துக்கு ஒரு விடை. சேலத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்விக்கு விடை 2012இல் கிடைத்தது.

அப்போது சென்னைக்கு வெளியே பல மாதங்கள் நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம், தாரமங்கலம், எடப்பாடிப் பக்கம் தறிச் சத்தம் நின்று நின்று வந்தது. மின்சாரம் வந்த நேரத்தில், அது நள்ளிரவானாலும், எழுந்து தறி ஓட்டினார்கள். கூலி தறி ஓடும் நேரத்துக்குத்தான். வருமானம் குறைந்ததால் மின்சாரப் பயன்பாடு குறையவில்லை. மின்சாரம் இல்லாததால் வருமானம் குறைந்தது. சிறுதொழில் ஊர்களில் ஆற்றல்தான் முன்னால் நடக்கிறது. இதை மறந்து "பயன்பாட்டைக் குறையுங்கள்" என்று பொதுவாகச் சொல்வது கொடுமை.

இன்னொன்றும் நடந்தது. வசதியுள்ளவர்கள் ஜெனரேட்டர் போட்டார்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ அளவில் கரியமில வாயு. சிறிய ஜெனரேட்டரில் அதிலிருந்து கிடைப்பது மூன்று, மூன்றரை யூனிட். யூனிட்டுக்கு 0.8, 0.9 கிலோ. நிலக்கரியைவிடப் பெரிதாகக் குறைவில்லை, செலவோ பல மடங்கு. உற்பத்தி விழுந்த அளவுக்குக் கார்பன் விழவில்லை. பற்றாக்குறை ஒருபோதும் பசுமை ஆகாது என்று இதை வைத்துத் துணிந்து சொல்லலாம்.

இப்போது கரண்ட் இருக்கிறது. தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட்வரை இலவசம்; 2023இல் 750இலிருந்து ஏற்றினார்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் பத்து மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் ஏழரை யூனிட். நாட்டின் மின்தொகுப்புச் சராசரி யூனிட்டுக்கு 0.7 கிலோ அளவில் இருப்பதால், ஒரு தறிக்கு ஒரு நாளில் அதிகபட்சம் ஐந்து கிலோ சொச்சம். ஒரு குடும்பத்தின் பிழைப்பு நடக்கும் உற்பத்திக்கு இது மிகச் சிறிய கார்பன். தறிக்காரர் மேல் குற்றம் சாட்ட இதில் எதுவும் இல்லை.

ஆனால் இலவச யூனிட்டுக்குள் ஓடும் தறிக்காரருக்குக் கூரையில் சூரியத் தகடு போட எந்தக் காரணமும் கிடையாது. போட்டால் மிச்சமாவது அரசின் பணம், அவருடையது இல்லை. அந்த மானியத்தின் ஒரு பகுதியையாவது தகடாகவே தந்தால் அவர் வருமானமும் குறையாது, மேட்டூரில் எரிவதும் குறையும். இந்த யோசனையில் எனக்கு உறுதியான நம்பிக்கை இருக்கிறது, கூடவே ஒரு கவலையும் உண்டு. நிலக்கரியைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் இயந்திரம் வந்தால் நிலக்கரிச் செலவு கூடத்தான் செய்யும் என்று ஆங்கிலப் பொருளியலாளர் ஜெவன்ஸ் 1865இலேயே எழுதினார். மின்சாரம் மலிந்தால் சாதாத் தறி போய் வேகமான ரேப்பியர் தறி வரும், இரவு ஷிப்ட் கூடும். வரட்டும். கூடுதல் மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்பதுதான் அப்போது எல்லாவற்றையும் முடிவு செய்யும். தமிழ்நாட்டில் காற்றாலை 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. மே முதல் செப்டம்பர்வரை காற்று நன்றாக வீசுகிறது, பகலில் வெயில் இருக்கிறது. சாயங்காலம் ஆறரைக்கு மேல், காற்றில்லாத மாதங்களில், மறுபடியும் நிலக்கரிதான் தாங்குகிறது. தறி ஓடும் இரவு நேரத்துக்குச் சேமித்த மின்சாரம் வந்தால்தான் கணக்கு மாறும்.

கல்லுக்குள் இருக்கும் கார்பன்

இதுவரை சொன்னதெல்லாம் மின்சாரம். மின்சாரத்தை மாற்றினால் கார்பன் போய்விடும். இனி வருவது அப்படிப் போகாத கார்பன்.

சேலத்திலிருந்து ஓமலூர் போகும் வழியில் கருப்பூர்ப் பக்கம் வெள்ளை வெளேரென்று தெரியும் மேடுகளை எல்லோரும் பார்த்திருப்பார்கள். வெள்ளைக்கல் என்று இங்கே சொல்லும் மேக்னசைட். மாநில அரசின் டான்மேக் நிறுவனம் 1979இல் வந்தது. பர்ன் ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் பழைய மேக்னசைட் பிரிவு 2011இல் மத்திய அரசின் எஃகு நிறுவனமான செயில் கைக்குப் போனது. வெட்டிய கல்லைச் சூளையில் 1,500 டிகிரிக்கு மேல் சுட்டால் உருக்காலை உலைகளின் உள்சுவருக்கான தீச்செங்கல் மூலப்பொருள் கிடைக்கும்.

இந்தக் கல் மக்னீசியம் கார்பனேட். சுடுவது என்றால் அதிலிருந்து கரியமில வாயுவை விரட்டுவது, வேலையே அதுதான். சுத்தமான கல்லில் 84 பங்குக்கு 44 பங்கு கரியமில வாயு. ஒரு டன் கல்லைச் சூளையில் போட்டால் 520 கிலோ வாயுவாகப் போய், 480 கிலோ அளவில்தான் திடமாக மிஞ்சும். வெளியே எடுக்கும் பொருளைவிடப் புகைபோக்கி வழியே போவது எடை அதிகம். இதற்கு மேல்தான் எரிபொருளின் கார்பன். சூளையை முழுக்கச் சூரிய மின்சாரத்தில் சூடாக்கினாலும் இந்த 520 கிலோ குறையாது. காயாவின் பெருக்கலில் இதற்கு இடமே இல்லை; அவர் கணக்கு ஆற்றலோடு முடிகிறது. சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் சுடுவதிலும் இதே சிக்கல்.

இந்தக் கல் எப்படி உண்டானது என்பதைச் சொல்லாமல் போக முடியவில்லை. அந்த மேடுகளின் அடிப்பாறை டியூனைட் என்ற மக்னீசியம் நிறைந்த கரும்பச்சைப் பாறை. கரியமில வாயு கரைந்த நீர் அதன் விரிசல்களில் ஊறி, பாறையோடு சேர்ந்து, வெள்ளை நரம்பு நரம்பாக மேக்னசைட் ஆனது. மண்ணுக்கடியில் மிக நீண்ட காலம் பூட்டி வைத்த கரியமில வாயு அது. சூளை அந்தப் பூட்டைத் திறக்கிறது. மக்னீசியம் நிறைந்த இத்தகைய பாறைகளைத் தூளாக்கி, வாயுவோடு மறுபடி வினைபுரிய வைத்துக் கல்லாக்கும் ஆராய்ச்சி உலகில் பல இடங்களில் நடக்கிறது. சூளையும் அந்தப் பாறையும் ஒரே இடத்தில் கிடக்கும் சேலம் அந்த ஆராய்ச்சிக்கு நல்ல களம். பக்கத்திலேயே பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. யாராவது இதைக் கையில் எடுக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இரண்டு விதமான இரும்பு

சேலத்து இரும்புக்கு முன்கதை நீளம். 1830களில் ஜோசயா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் உலை அமைத்து, சேலம் பகுதித் தாதுவை மரக்கரியில் உருக்கினார். அந்த உலைகளின் பசிக்குக் காடுகள் ஈடுகொடுக்க முடியவில்லை. அறுபதுகளில் உருக்காலை கேட்டுப் போராடிய காலத்துத் திட்டத்தில் கஞ்சமலைத் தாதும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் இருந்தன. 1970இல் அடிக்கல் நாட்டி, எண்பதுகளின் தொடக்கத்தில் உற்பத்தி வந்தபோது அது துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டும் ஆலையாக மாறியிருந்தது. பின்னர் உருக்கும் பிரிவு சேர்ந்தது, அதுவும் மின்வில் உலை. தாது எதிர்பார்த்தபடி பயன்படாமல் போனதில் அன்று ஏமாற்றம் இருந்தது. கார்பன் கணக்கில் பார்த்தால் அது மாவட்டத்துக்குக் கிடைத்த ஆதாயம்.

ஏனென்றால் தாதுவிலிருந்து ஊதுலையில் இரும்பு எடுக்க நிலக்கரிக் கோக் வெறும் எரிபொருள் இல்லை. தாதுவின் ஆக்சிஜனைப் பிடுங்குவதும் அந்தக் கார்பன்தான். ஒரு டன் எஃகுக்கு இரண்டு டன்னுக்கு மேல் வெளியேறும். மேச்சேரிக்கு அருகே பொட்டனேரியில் ஜே.எஸ்.டபிள்யூ ஆலை இந்த வழியில் இயங்குகிறது. பழைய இரும்பை மின் உலையில் உருக்கினால் இதில் சிறு பங்குதான், மின்சாரம் சுத்தமாகச் சுத்தமாக அதுவும் இறங்கும். ஆனால் துருப்பிடிக்காத எஃகுக்கு ஃபெரோகுரோம் என்ற இரும்பு, குரோமியக் கலவை வேண்டும். அதை வேறு மாநிலத்தில் நிலக்கரி மின்சாரத்திலும் கோக்கிலும் உருக்கி எடுத்து வருகிறார்கள். சேலத்து ஆலையின் கார்பனில் ஒரு பங்கு சேலத்துக்கு வரும் முன்பே வெளியேறிவிடுகிறது. மால்கோ மூடியபோது கார்பன் வெளியே போனது. இங்கே கார்பன் பொருளாக உள்ளே வருகிறது.

ஜவ்வரிசி ஆலைகளில் கிடைக்கும் லாபம்

நம்பிக்கை தரும் பகுதி ஆத்தூர், சேலம் பக்கத்து சேகோ ஆலைகள். மரவள்ளிக்கிழங்கை அரைத்து, மாவுப்பாலைத் தெளியவைத்து, திப்பியை மாட்டுத்தீவனத்துக்குத் தள்ளியபின் மிஞ்சுவது ஏராளமான கழிவுநீர். அதில் மாவுச்சத்து கரைந்திருக்கும். குட்டையில் தேங்கினால் காற்றில்லாமல் புளித்து மீத்தேன் ஆகும். வசிஷ்ட நதிக்கரையிலும் திருமணிமுத்தாற்றுப் பக்கமும் அந்த நாற்றத்தை அறியாதவர் இல்லை. மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும்.

அந்தக் கழிவுநீரை மூடிய தொட்டியில் விட்டு வாயுவைப் பிடித்து எரித்தால், ஒரு கிலோ மீத்தேன் 2.75 கிலோ கரியமில வாயுவாகிறது. அந்தக் கார்பனும் போன பருவத்தில் கிழங்குச் செடி காற்றிலிருந்து எடுத்ததுதான். புதிதாக மண்ணுக்கடியிலிருந்து தோண்டியது இல்லை. சாண எரிவாயு போன்ற அந்த வாயு ஒரு கன மீட்டரில் ஒன்றரை முதல் இரண்டு யூனிட் மின்சாரம் எடுக்கலாம். ஆலையின் மின்கட்டணம் குறைகிறது, விறகு குறைகிறது, ஆற்றில் விழும் கழிவின் வீரியமும் குறைகிறது. பல ஆலைகள் இதைச் செய்துவிட்டன. இங்கே வளர்ச்சியும் கார்பனும் நிஜமாகவே பிரிகின்றன. எந்த டன்னும் வேறு ஊருக்குப் போகவில்லை. சேகோசர்வ் 1981இலிருந்து ஆலைகளை ஒரு கூட்டுறவாகக் கட்டி வைத்திருக்கிறது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தொட்டி கட்டாத சிறிய ஆலைகளுக்குக் கடன் வாங்கித் தர இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை. மாவட்டத்தில் போடும் முதல் ரூபாயை எங்கே போடலாம் என்று கேட்டால் இதில்தான் என்பேன்.

ஏட்டில் என்ன எழுத வேண்டும்

மாவட்டத்துக்குக் கார்பன் கணக்கு எழுதுபவர்கள் வழக்கமாக இங்கே எரிந்த எரிபொருளை எண்ணுகிறார்கள். அந்த முறையில் மேட்டூர் அனல்மின் நிலையத்தின் புகை முழுவதும் சேலத்தின் தலையில் விழுகிறது, அந்த மின்சாரத்தில் ஒளிரும் சென்னைக்கும் கோவைக்கும் பங்கில்லை. மால்கோ மூடல் சாதனையாகத் தெரிகிறது. சேகோ ஆலையின் மீத்தேன் கண்ணிலேயே படுவதில்லை. வெள்ளைக்கல் சூளையின் பாதி விட்டுப்போகிறது.

எரிபொருளோடு, மாவட்டம் வாங்கும் மின்சாரம், கல்லிலிருந்தும் கழிவிலிருந்தும் வருவது, உள்ளே வரும் பொருள் சுமந்து வரும் கார்பன் என்று தனித்தனியே எழுத வேண்டும். இவற்றில் மின்சாரக் கணக்கு மின்வாரியத்திடம் இருக்கிறது. தறி, தொழிற்சாலை, வீடு, விவசாயம் என்று பிரிவு வாரியாக மீட்டர் கணக்கு உண்டு. வெட்டிய கல்லின் டன் கணக்கு, சுரங்க உரிமத்தொகை வசூலிப்பதால் கனிமவளத் துறையிடம் உண்டு. சேகோ மூட்டைகள் பெருமளவு சேகோசர்வ் வழியாகப் போகின்றன. மூட்டையிலிருந்து கிழங்கையும், கிழங்கிலிருந்து கழிவுநீரையும் மதிப்பிடலாம்.

கடினமானது வாங்கும் பொருளின் கார்பன். அதையும் இனித் தட்டிக்கழிக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் எஃகு, அலுமினியம் இறக்குமதிக்கு 2023 அக்டோபரிலிருந்து கார்பன் விவரம் கேட்டது. 2026 ஜனவரியிலிருந்து அதற்குக் காசும் கேட்கிறது. ஆலைக்குள் வரும் ஃபெரோகுரோமின் கார்பனும் அந்தக் கணக்கில் சேரும். ஆனால் எஃகுக்குப் பயன்படுத்திய மின்சாரத்தின் கார்பன் இப்போதைக்குச் சேராது, அது அந்த விதியில் பெரிய ஓட்டை. இந்திய அரசின் பசுமை எஃகு வரையறை 2024 டிசம்பரில் வந்தது: ஒரு டன் எஃகுக்கு 2.2 டன்னுக்குக் கீழே இருந்தால்தான் பசுமை, 1.6க்குக் கீழே ஐந்து நட்சத்திரம். சேலத்தின் மின் உலைக்கும் பொட்டனேரி ஊதுலைக்கும் இந்த ஏணியில் ஒரே படி கிடைக்கப்போவதில்லை. இரண்டு ஆலைகளும் தங்கள் கணக்கை ஆண்டுதோறும் தமிழிலும் வெளியிட்டால், மேச்சேரியிலும் தாரமங்கலத்திலும் இருப்பவர்கள் படித்துக் கேள்வி கேட்க முடியும்.